பதிவேட்டில் எழுதப்படாத சரித்திரம்



நம் பங்கின் சரித்திரம் பங்கு அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, மரணப் பதிவேடு என வரிசையாக நிற்கின்றன. 2002-ல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து செங்கற்பட்டு மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தபின் ஏடுகளின் தலைப்பு மாறியது. எழுதும் முறை மாறவில்லை. பிறந்தவர் யார், மணந்தவர் யார், மறைந்தவர் யார் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது? செபமாலையின் மூன்றாம் தேவ இரகசியத்தில் தூங்கி விழுந்த பிள்ளை எது? கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்குப் பசை காய்ச்சிய தாய் யார்? இதற்கு ஏடு ஏதும் இல்லை. கோவில் எழும்பிய வரலாற்றை இம்மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். இந்த எழுதப்படாத பக்கத்தை நாம் எழுதத் துணிந்தோம்.

தமிழகத்தில் விசுவாசம் வேரூன்றிய வரலாற்றில் சிறு பிள்ளைகளுக்கு இருந்த பங்கை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட செபங்களைக் கையில் மணியோடு ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். அவர் பெரிதும் நம்பியது சிறுவர்களையே. கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று அவர்களை அனுப்பினார். நோயாளிகளின் வீடுகளுக்குச் செபிக்கவும் பிள்ளைகளையே அனுப்பியதாக அவருடைய கடிதங்கள் கூறுகின்றன. அவரே 1545-ல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிச் செபித்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூல், இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ளவற்றில் மிகப் பழையது. அது 16 பக்கமே கொண்ட ஞானோபதேச நூல். நம் முன்னோர் விசுவாசத்தைப் பெரிய சாஸ்திரங்களிலிருந்து கற்கவில்லை. மனப்பாடமாய்ச் சொல்லும் குழந்தையின் வாயிலிருந்து கற்றார்கள்.

கிறிஸ்மஸ் குடிலின் சரித்திரமும் இப்படியே. புனித அசிசி பிரான்சிஸ் தாம் இறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1223-ல், இத்தாலியின் கிரேச்சோ ஊரில் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, அங்கே பூசை நடக்கச் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத எளிய மக்களும் பெத்லகேமைக் கண்ணால் காணவேண்டும் என்பது அவர் ஆசை. அந்தக் குடில் 800 ஆண்டுகளில் உலகைச் சுற்றி வந்து, தாம்பரத்தில் நம் வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது.

அதைக் கொண்டு வந்தவர்கள் யார்? 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இங்கே குடியேறியது. ரயில்வேயும், விமானப்படைத் தளமும், குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த தோல் கம்பெனியும் வேலை கொடுத்தன. நெல்லை, தூத்துக்குடி, குமரி, திருச்சி, தஞ்சைப் பக்கங்களிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கின. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஏற்கெனவே இருந்தன. ஒவ்வொரு வீடும் தன் ஊர் வழக்கத்தை உடன் கொண்டு வந்தது. ஒரு வீட்டில் முந்திரிக்கொத்து, ஒரு வீட்டில் அதிரசம், ஒரு வீட்டில் கல்கல்லும் பிளம் கேக்கும். இவையெல்லாம் ஒரே தட்டில் சேர்ந்து, மேலே துணி மூடி, பக்கத்து இந்து வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் போயின. தட்டைத் தூக்கிச் சென்றவர்கள் குழந்தைகள். தீபாவளிக்கும் ரம்சானுக்கும் அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பியதில்லை.

நாம் சிறுவராயிருந்த நாளில் கடையில் வாங்கிய குடில் எவர் வீட்டிலும் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் கொட்டாங்குச்சியில் மண் நிரப்பிக் கேழ்வரகு தூவித் தண்ணீர் தெளிப்போம். முளைத்து வரும் பசும்பயிரே பெத்லகேம் வயல். சிமெண்டுப் பையின் தாளைக் கசக்கிக் கரி பூசினால் மலை. உடைந்த கண்ணாடித் துண்டு குளம். மூங்கில் பிளாச்சைக் கட்டி, காற்றாடித் தாள் ஒட்டி, உள்ளே பல்பு வைத்தால் நட்சத்திரம். டிசம்பர் மழையில் அது நனைந்து கிழியும், மறுபடி ஒட்டுவோம். இடையர்களுக்கு நடுவே தம்பியின் பிளாஸ்டிக் சிங்கமும் நிற்கும். அதை எடு என்று எந்தத் தாயும் சொன்னதில்லை. பாலன் சேசுவின் சுரூபம் மட்டும் அம்மாவின் பீரோவில் சேலை மடிப்புக்குள் இருக்கும். நடுச்சாமப் பூசை முடிந்து வந்ததும் வீட்டின் கடைக்குட்டி அதைத் தொழுவத்தில் வைக்க வேண்டும். அந்த உரிமையைத் தகப்பனும் பறிக்கமாட்டார்.

அந்நாளைய வீடுகளில் எல்லாம் இனிமையாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. முழந்தாளில் நிற்கும் பிள்ளை அசைந்தால் தலையில் குட்டு விழுந்ததும் உண்டு. நம் பாட்டிமார் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் முந்திய நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தலாகாது. 1910-ல் புனித பத்தாம் பத்திநாதர் புத்தி விவரம் அறிந்த வயதிலேயே, ஏறக்குறைய ஏழு வயதில், குழந்தைகள் நன்மை வாங்கலாம் என்று வழி திறந்தார். ஆகவே அச்சிறுவரும் அந்த உபவாசத்தைக் காத்தனர். 1953-ல் தண்ணீர் அனுமதிக்கப்பட்டது. 1957-ல் உபவாசம் மூன்று மணி நேரமாகவும், 1964-ல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. திருச்சபைத் தாய் தன் சட்டத்தைத் தளர்த்தினாள். ஆனால் அடுப்பில் இட்லி வேகும் மணத்தை முகர்ந்துகொண்டே பூசைக்குப் புறப்பட்ட குழந்தை, பெரியதொன்றுக்காகக் காத்திருப்பது என்ன என்று கற்றுக்கொண்டது.

அதே 1964-ல் வத்திக்கான் சங்கம், திருச்சபை பற்றிய தன் ஏட்டில், குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. பெற்றோரே பிள்ளைகளுக்கு முதல் போதகர் என்றது. அழகான சொல்தான். ஆனால் அச்சொல் கோவிலில் முழங்கத் தொடங்கிய காலத்திலேயே வீட்டுச் செபம் தேயத் தொடங்கியது. 1975 ஆகஸ்டு 15-ல் சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. மெல்ல மெல்ல மாலை வேளை அதன் கைக்குப் போயிற்று. பின்பு டியூஷன், பிறகு கைபேசி. பழியைப் பெட்டியின்மேல் போட்டுத் தப்பிக்க நமக்கு மனமில்லை. குருக்களாகிய நாமும் ஞாயிறு பூசைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினோம். வீட்டில் எத்தனை பேர் சேர்ந்து செபிக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

இரண்டு சோதனைகள் நம்மைக் கேட்க வைத்தன. 2015 டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு பெருக்கெடுத்து, முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் பல தெருக்களும் நீரில் மூழ்கின. சேறு வாரிய வீடு ஒன்றுக்கு அந்தக் கிறிஸ்மஸ் வாரத்தில் சென்றிருந்தோம். பரம்பரையாக வந்த களிமண் சுரூபங்கள் கரைந்துவிட்டன என்று பாட்டி அழுதார். ஏழு வயதுப் பேத்தியோ நோட்டுத்தாளில் குழந்தை சேசுவை வரைந்து, கத்தரித்து, தீப்பெட்டியில் படுக்க வைத்திருந்தாள். "பாட்டி, இவர் கரையமாட்டார், நான் மேலே வைப்பேன்" என்றாள். பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிலுவை அடையாளம் வரைந்தார். சவேரியார் அனுப்பிய பிள்ளை அன்று அந்த வீட்டுக்கும் வந்திருந்தது.

அடுத்த சோதனை 2020-ல். மார்ச் 25 முதல் நாடே அடைபட்டது. ஏப்ரல் 12, பாஸ்குத் திருநாளன்று ஆளில்லாக் கோவிலில் பூசை செய்தோம். அன்று மாலை பல வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசினோம். சில வீடுகளில் பிள்ளைகள் மெழுகுதிரி ஏற்றி, வாசகம் வாசித்து, பாட்டும் பாடியிருந்தார்கள். வேறொரு தகப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சாமி, எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை. டி.வி.யில பூசை முடிஞ்சதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்." அவர் தவறாமல் பூசைக்கு வருகிறவர். அவ்வார்த்தை அவரைவிட நம்மைத்தான் குற்றப்படுத்தியது.

யாத்திராகம நூலில் பாஸ்கா விதிக்கப்படும் இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சடங்கின் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்பதும், அதற்குப் பெற்றோர் சொல்லவேண்டிய பதிலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கின்றன. குழந்தையின் கேள்விக்கு இடமில்லாத திருநாள் விசுவாசத் திருநாள் ஆகாது. இன்று விலை கொடுத்து வாங்கிய குடிலும் மின்மினி விளக்கும் நம் வீடுகளை அழகுசெய்கின்றன. ஆனால் அதைத் தொடாதே, உடைந்துவிடும் என்று சொல்லப்படும் குழந்தைக்குக் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஆகவே, பெற்றோரே, இந்த யூபிலி ஆண்டில் உங்களிடம் பணமோ பொருளோ கேட்கவில்லை. வரும் டிசம்பரில் ஒரு கொட்டாங்குச்சியும் ஒரு பிடி கேழ்வரகும் உங்கள் பிள்ளையின் கையில் கொடுங்கள். இரவு உணவுக்கு முன் பத்து நிமிடம் விளக்கின் முன் சேர்ந்து அமருங்கள். ஒரு மந்திரத்தைக் கடைக்குட்டி தொடங்கட்டும், தப்பாகச் சொன்னாலும் சொல்லட்டும். பலகாரத் தட்டை அவனே அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். இவை எந்தப் பதிவேட்டிலும் ஏறா. ஆனால் அடுத்த யூபிலிக்கு இப்பங்கில் யார் இருப்பார்கள் என்பதை இவையே தீர்மானிக்கும்.

நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களைக் காப்பதாக.