அம்மையும் தழும்பும்

செஞ்சியை அடுத்த பனமலையில், இராசசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலில், சிதைந்த ஓவியமாய் நின்று இறைவனின் ஆடலைக் காண்கிறாள் உமையம்மை. அம்மை என்றால் தாய். உயிர்குடித்த வைசூரிக்கும் அப்பெயரையே இட்டனர் நம் முன்னோர். ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகினர்.

1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு, இந்தியாவில் முதன்முதலாக அம்மை குத்தப்பட்டது. அவள் கையில் எழுந்த கொப்புளத்து நீர் பிற குழந்தைகளுக்குச் செலுத்தப்பட்டது. இவ்வாறு கைக்குக் கையாகச் சென்னை வரை வந்தது. பின்னாளில் கிண்டி கிங் நிலையம் அம்மைப்பால் ஆக்கித் தந்தது. 1975இல் இந்தியாவிலும், 1980 அறிவிப்பின்படி உலகெங்கும், பெரியம்மை ஒழிந்தது.

1985 முதல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் நடக்கிறது. காசநோய், இளம்பிள்ளைவாதம், தொண்டை அடைப்பான், கக்குவான், தட்டம்மை ஆகியவற்றுக்குக் குழந்தைகளுக்கும், இரணஜன்னிக்குக் கருவுற்ற பெண்களுக்கும் அரசு இலவசமாக ஊசி போடுகிறது. இருந்தும் 2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வந்தபோது, வாட்ஸப் வதந்திகளைக் கேட்டுத் தமிழகப் பெற்றோர் பலர் தயங்கினர்.

தயக்கத்தின் வேர் மறதியே. நம் மூத்தோர் புயத்தில் அம்மை குத்திய தழும்பு உண்டு. நம் மாணவர்க்கு அதுவும் இல்லை, அந்நோயின் முகமும் தெரியாது. தழும்புள்ள பாட்டிமார் இருக்கும்போதே, அவர்கள் கண்டதைக் கேட்டு எழுதிவைப்போம்.