பெயர் எழுதாத படங்கள்

கரைத்தீவில் வாழ்ந்து மௌத்தான எங்கள் உம்மம்மாவின் முகம் இப்போது ஒரு போட்டோக்கொப்பியில்தான் இருக்கிறது. அவவுக்கு இருந்த ஒரே படம் தேசிய அடையாள அட்டைக்குப் பிடித்தது. மரணத்தைப் பதியும்போது அட்டையைக் கையளித்துவிட்டோம். அதற்கு முதல்நாள் வாப்பா கொப்பி எடுத்து வைத்தார்.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972இல் அட்டை வழங்கத் தொடங்கினார்கள். படம் ஹராம் என்று ஒதுங்கியிருந்த எங்கள் பெண்களும் அதன் பிறகு கமராவுக்கு முன்னால் உட்கார வேண்டியதாயிற்று. (கமராப் படம் நிழலைப் பிடித்து வைப்பதுதான், உருவம் படைப்பதல்ல என்று எகிப்தின் முப்தி முஹம்மத் பகீத் அல்முதீஈ எழுதிப் பல காலம் ஆகியிருந்தது. அந்தப் பேச்சு எங்கள் ஊர்ப் பெண்கள் வரைக்கும் வரவில்லை.) "மூச்சு விட்டா படம் கெட்டுப்போகும் எண்டு பயந்துபோய் இருந்தன் மகன்" என்று உம்மம்மா சொல்லுவா. அந்தப் பயம்தான் படத்தில் விழுந்திருக்கிறது. எங்களோடு சிரித்துப் பேசிய முகம் அதில் இல்லை.

உள்ளிருக்கும் மனிதரை முகத்தில் பிடித்துவிடலாம் என்று பிடிவாதமாக நின்ற ஒரு பெண் நமது நாட்டில்தான் அடங்கியிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தின் கமரன் இவருடைய கணவர். 48 வயதில் மகளும் மருமகனும் கொடுத்த கமராவோடு இங்கிலாந்தில் தொழிலைத் தொடங்கினார். மருந்து பூசிய கண்ணாடித் தகடு ஈரம் காயுமுன் படம் பிடித்துக் கழுவிவிட வேண்டிய காலம் அது. அன்றைய ஸ்டூடியோக்களில் ஆளைத் தூரத்தில் நிறுத்தி, தலை அசையாதபடி பின்னால் இரும்புக் கவ்வி வைப்பார்கள். இவர் கிட்டப் போனார். ஒரு பக்கத்து வெளிச்சத்தில் முகத்தை மட்டும் எடுத்தார். நிமிடக்கணக்கில் உட்கார்ந்தவர் சற்று அசைந்து படம் மங்கினாலும் அதை விட்டுவிட்டார். மற்றப் படப்பிடிப்பாளர்கள் அதைப் பிழை என்றார்கள். 1867இல் விஞ்ஞானி ஹேர்ஷலை எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் இங்கேயே இறந்தார். அடக்கம் பொகவந்தலாவையில். இங்கே எடுத்தவற்றில் 30க்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. களுத்துறைக் கிராமத்தவர்கள், தோட்டத் தொழிலாளிகள் என்று நம்மவர்களின் முகங்கள். ஆனால் ஆர் அவர்கள்? 1877இல் வந்த ஓவியர் மேரியன் நோர்த்தின் படத்துக்குப் பெயர் உண்டு. இங்கிலாந்தில் அவருக்காக மாதாவாக நின்ற வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரின் பெயரும் தெரியும். நம்மவர்களோ "கூட்டம்", "குடியானவர்" என்ற தலைப்போடு நின்றுவிட்டார்கள். இதை நான் சின்னக் குறையாக எடுக்கமாட்டேன்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் புத்தளத்துக்கு வந்தபோது, அல்பங்கள் வீடுகளிலேயே கிடந்தன. "உம்மாட முகம் எனக்கு மனசுல மட்டும்தான் தம்பி" என்று ஒரு முதியவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்ன பெயரைக் குறித்துக்கொண்டேன். முகம் இல்லை.

உம்மம்மாவின் கொப்பி வருடத்துக்கு வருடம் மங்குகிறது. பின்பக்கத்தில் வாப்பா நீலப் பேனையால் அவவின் பெயரையும், அவவின் வாப்பாவின் பெயரையும், கரைத்தீவு என்றும் எழுதியிருக்கிறார். அந்த எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது.