நேட்டால் கப்பல் பட்டியல்களில் திருச்சிராப்பள்ளி ஜில்லா

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர்கள் நேட்டால் என்னும் ஆங்கிலேயக் குடியேற்ற நாட்டிற்கு ஒப்பந்தக் கூலிகளாக, அதாவது குறித்த ஆண்டுகளுக்கு ஒரே முதலாளியிடம் உழைக்கக் கையொப்பமோ கைநாட்டோ இட்டவர்களாக, கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் அவர்களுள் பலரை ஊரைவிட்டுத் துரத்தியது. ஊரில் எஞ்சிய உறவினருக்கோ அவர்கள் 'கப்பலேறிப் போனவர்கள்', அவ்வளவுதான்.

இவ்வாறு தொலைந்தவர்களைத் தேடுவதற்கு இன்றுள்ள முதன்மையான சான்று கப்பல் பட்டியலாகும். அதில் ஒவ்வொருவருக்கும் 'காலனி எண்' என்னும் தனி எண் இடப்பட்டு, அதன் எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலிலுள்ள அடையாளம் என்பவை கட்டம் கட்டமாக எழுதப்பட்டன. நெற்றித் தழும்பையும் மார்பு மச்சத்தையும் எழுத்தர் குறித்துக்கொண்டது உறவினர் அடையாளம் காண்பதற்காக அன்று. தோட்டத்தைவிட்டு அனுமதிச் சீட்டின்றி வெளியேறியவனைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவருவதற்காகவே. ஆயினும் அந்தக் கொடிய நோக்கத்திற்காக எழுதப்பட்ட வரியே, பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்குப் பாட்டனின் ஊரைச் சொல்கிறது.

கூலிகளின் முறையீட்டைக் கேட்க நேட்டாலில் ஓர் அலுவலர் அமர்ந்ததும் எளிதில் நேர்ந்ததன்று. ஒப்பந்தம் முடிந்து 1871இல் நாடு திரும்பியவர்கள் தாங்கள் பட்ட துன்பங்களைச் சென்னையில் முறையிட்ட பின்னரே, 1872இல் நேட்டால் அரசு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் விளைவாக 'இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்' என்னும் பதவி உருவாயிற்று. பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளில், வெவ்வேறு தோட்டங்களுக்குப் பிரிக்கப்பட்டவர்கள் தம் உறவினருடன் சேர்த்துவைக்கும்படி கேட்ட விண்ணப்பங்களும் உள்ளன. தேடல் அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது என்பதற்கு அவை சான்று.

பட்டியல் இருப்பதனாலேயே ஆள் கிடைத்துவிடுவதில்லை. ஆங்கில எழுத்தில் ழகரமும் ளகரமும் லகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுவதால், தமிழில் வெவ்வேறான பெயர்கள் அங்கே ஒரே பெயராகத் தோன்றும். வீட்டாருக்குத் தெரியாமல் புறப்பட்டவர் வேறு பெயர் கொடுத்ததும் உண்டு. ஊர்ப்பெயரை மட்டும் நம்புவதும் போதாது: திருச்சிராப்பள்ளியில் இன்று பெல் நிறுவனக் குடியிருப்பால் அறியப்படும் கைலாசபுரத்தின் பெயரைத் தாங்கிய ஊர்கள் தமிழ்நாட்டில் வேறும் உள்ளன, தாலுகாவைச் சேர்த்துப் படித்தால்தான் எந்த ஊர் என்பது விளங்கும். அன்றைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவுக்குள் முசிறி, குளித்தலை, பெரம்பலூர், உடையார்பாளையம் தாலுகாக்களும் அடங்கியிருந்தன. ஆகையால் பட்டியலில் திருச்சிராப்பள்ளி என்று கண்டவர், உடையார்பாளையத்தாரை இன்றைய அரியலூர் மாவட்டத்திலும் குளித்தலையாரைக் கரூர் மாவட்டத்திலும் தேட வேண்டியிருக்கிறது.

இவ்வளவு இடர்ப்பாட்டுக்கிடையிலும் நேட்டால் சென்றவர்களுக்கு ஒரு வரியேனும் உண்டு. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் நிலை இதைவிடத் துயரமானது. கங்காணி, அதாவது தன் உறவினரையும் ஊராரையும் திரட்டி அழைத்துச்சென்று அவர்களுக்கு மேலாளாகவும் கடன் கொடுத்தவனாகவும் இருந்தவன், அவர்களைத் தெற்கே கடற்கரை வரை நடத்தி, தோணியில் மன்னாருக்குக் கடத்தி, பின் காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் இட்டுச்சென்றான். வழியில் வாந்திபேதியால் விழுந்தவர்களுக்கு நேட்டாலைப் போன்ற ஆள்வாரிப் பதிவேடு இல்லை. பிழைத்துச் சேர்ந்தவர்களின் பெயரும் பெரும்பாலும் கங்காணியின் கடன் கணக்கோடு நின்றது. இந்தியாவிலிருந்து வரும் தொழிலாளியின் கழுத்தில், அவர் சேர வேண்டிய தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டைக் கட்டி அனுப்பும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்குள் காப்பிப் பயிர் இலைநோயால் அழிந்து, மலைகளில் தேயிலை வேரூன்றியிருந்தது.