காணாமற்போகும் இனக்குழுக்கள்: ஜாவா பாதைப் பிழைகளின் வரலாறு

ஜாவா நிரல் ஒன்றை இயக்கும்போது, அதற்குத் தேவையான ஒரு பகுதி தேடப்படும் இடத்தில் கிடைக்காவிட்டால் தோன்றும் பிழைகளைப் பொதுவாகப் பாதைப் பிழைகள் எனலாம். கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன், நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எர்ரர், அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எர்ரர் ஆகிய மூன்றும் இவற்றுள் முதன்மையானவை. தமிழ்வழிப் பாடநூல்கள் ‘கிளாஸ்’ என்பதை இனக்குழு என்று வழங்குவதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகிறது.

இப்பிழைகள் நிரலின் தருக்கத்தில் எந்தத் தவறும் இல்லாதபோதும் தோன்றக்கூடியவை. தவறு பெரும்பாலும் நிரலில் இருப்பதில்லை. நிரலின் பகுதிகள் எங்கே உள்ளன என்று கணினிக்குச் சொல்லப்பட்ட முகவரியில்தான் இருக்கும். இதை அறியாத மாணவர், சரியாக எழுதிய நிரலையே திரும்பத் திரும்பத் திருத்தி, கடைசியில் அதைக் கெடுத்துவிடுவதும் உண்டு. செய்முறைத் தேர்வின் மூன்று மணி நேரமும் இப்படியே கழிந்துவிட்டால், தனக்கு நிரல் எழுத வரவில்லை என்ற முடிவுக்கே அவர் வந்துவிடுகிறார்.

பகுதிகள் சேரும் நேரம்

சி மொழியில் நிரலைப் பெயர்த்து முடித்தவுடன் இணைப்பி என்னும் மென்பொருள், வெவ்வேறு கோப்புகளில் உள்ள பகுதிகளைச் சேர்த்து ஒரே இயக்கக் கோப்பாக்கும். ஒரு செயற்கூறு விடுபட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஜாவாவில் அப்படி இல்லை. ஒவ்வோர் இனக்குழுவும் தனிக் கோப்பாகவே நிற்கும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது, முதன்முறை தேவைப்படும் நொடியில்தான் அது தேடி எடுத்து இணைக்கப்படும். காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறங்களில், மூன்று நாடாக்களைக் கொண்டு தறியிலேயே கோத்துச் சேர்ப்பதைக் கோர்வை என்பார்கள். தனியாக நெய்துவிட்டுப் பிறகு தைப்பதில்லை. தறி ஓட ஓட இணைப்பு நிகழ்கிறது. கரைக்கான நாடாவில் நூல் இல்லை என்பது அந்த இழை வரும்போதுதான் தெரியும்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் முதலானோர் 1991ஆம் ஆண்டு தொடங்கிய பணியின் விளைவே ஜாவா. 1995 மே 23 அன்று அது அறிவிக்கப்பட்டபோது, இணைய உலாவிக்குள் ஓடும் ஆப்லெட் என்னும் சிறு நிரல்களே அதன் பெரிய கவர்ச்சி. தொலைபேசிக் கம்பி வழியே மெதுவாக வந்த அக்கால இணையத்தில், நிரல் முழுவதையும் இறக்கிய பிறகே இயக்குவது என்றால் பயனர் காத்திருக்க மாட்டார். தேவைப்படும் இனக்குழுவைத் தேவைப்படும்போது மட்டும் கொண்டுவருவது என்று வடிவமைத்தார்கள். அதற்குக் கொடுத்த விலை, ஒரு பகுதி இல்லை என்பது தாமதமாகத் தெரிவது. பட்டியலில் யாரும் அதிகம் தொடாத ஒரு பொத்தானை அழுத்தும்வரை நிரல் நலமாகவே ஓடும்.

கிளாஸ்பாத்தின் தொடக்கம்

ஜாவாவின் முதல் பதிப்பு 1996 ஜனவரி 23 அன்று வெளியானது. இனக்குழுக்களை எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்று சொல்லும் பட்டியலே கிளாஸ்பாத். மொழியின் சொந்த இனக்குழுக்கள் அனைத்தும் அப்போது ‘கிளாசஸ்.ஜிப்’ என்ற ஒரே கோப்பில் இருந்தன. பயனர் கட்டளை வரியில் தம் கிளாஸ்பாத்தைக் கொடுக்கும்போது அந்தக் கோப்பையும் சேர்த்துச் சொல்ல மறந்தால், ஜாவா தன் அடிப்படை இனக்குழுக்களையே காணாமல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். 1998 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பு இந்தத் தொல்லையை நீக்கியது. மொழியின் சொந்த இனக்குழுக்களுக்கு ஓர் ஏற்றி, கூடுதல் நூலகங்களுக்கு ஓர் ஏற்றி, பயனருடையவற்றுக்கு ஓர் ஏற்றி என்று மூன்றாகப் பிரித்தது. அதன்பின் கிளாஸ்பாத் பயனரின் இனக்குழுக்களை மட்டும் குறித்தது.

கிளாஸ்பாத் எதுவும் கொடுக்கப்படாவிட்டால் ஜாவா நடப்புக் கோப்புறையில் தேடும். கொடுத்துவிட்டால், கொடுத்த இடங்களில் மட்டுமே தேடும். நடப்புக் கோப்புறையைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியை அப்பட்டியலில் சேர்க்க மறந்தால், கண்ணெதிரே கோப்பு இருந்தும் ‘இல்லை’ என்ற பதிலே வரும். வேறு ஏதோ மென்பொருளை நிறுவும்போது அது தானாகக் கிளாஸ்பாத்தை மாற்றிவைத்துவிடுவதும் நடந்தது. நேற்று ஓடிய நிரல் இன்று ஓடாததற்குக் காரணம் இத்தகையதாக இருக்கும்போது, நிரலை எத்தனை முறை படித்தாலும் விடை கிடைக்காது.

இரண்டு இயங்குதளங்கள், இரண்டு குறிகள்

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிக் கணினி அறிவியல் பாடத்தில் சி++ மொழியும், 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் கற்பிக்கப்படுகின்றன. ஆகவே இங்குள்ள மாணவர்களில் பெரும்பாலோர் ஜாவாவைச் சந்திப்பது கல்லூரியில்தான். காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று, 2011இல் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அம்மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. ஜாவா எந்த இயங்குதளத்திலும் ஓடும் என்று பாடத்தில் படித்த மாணவருக்கு அதைச் சோதித்துப் பார்க்க வீட்டிலேயே வாய்ப்புக் கிடைத்தது.

நிரல் இரண்டிலும் ஓடும் என்பது உண்மையே. ஆனால் அதை ஓட்டும் கட்டளை ஒன்றல்ல. கிளாஸ்பாத்தில் ஓர் இடத்தையும் அடுத்த இடத்தையும் பிரிக்க விண்டோஸில் அரைப்புள்ளி இட வேண்டும்; லினக்ஸில் முக்காற்புள்ளி. விண்டோஸில் எழுதிவைத்த கட்டளையை லினக்ஸில் அப்படியே தட்டினால், அரைப்புள்ளியோடு ஒரு கட்டளை முடிந்துவிட்டதாகவே அங்குள்ள கட்டளைச் செயலி எடுத்துக்கொள்ளும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் இப்படித்தான். விண்டோஸ் கோப்புப் பெயரில் அதைப் பொருட்படுத்தாது. ஆனால் கோப்பைத் திறந்த பிறகு உள்ளே இருக்கும் பெயரோடு ஜாவா ஒப்பிடும். பொருந்தாவிட்டால் ‘ராங் நேம்’ என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பிட்டுப் பிழை காட்டும். லினக்ஸிலோ கோப்பே கிடைக்காது. இயக்கும் கட்டளையில் இனக்குழுவின் பெயரோடு ‘.கிளாஸ்’ என்ற பின்னொட்டையும் சேர்த்துத் தட்டுவது தொடக்க மாணவர் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் பிழை. ஜாவா அந்தப் புள்ளியைத் தொகுப்பின் பெயரைப் பிரிக்கும் புள்ளியாகக் கொண்டு, இல்லாத ஒரு தொகுப்பினுள் தேடப் போய்விடும்.

ரெக்கார்டு நோட்டில் இருந்த நிரல்

தரவுத்தளப் பயிற்சியில் வரும் பிழை சற்று வேறுவகை. தரவுத்தளத்தோடு பேசும் இயக்கியின் பெயரை ஜாவா நிரல்களில் மேற்கோள் குறிக்குள் ஒரு சரமாக எழுதுவது நெடுநாள் வழக்கம். நிரல்பெயர்ப்பிக்கு அது வெறும் எழுத்துத் தொடர். அந்தப் பெயரில் இனக்குழு உண்டா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே பெயர்ப்பு வெற்றி; இயக்கினால் கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன். பெயரைச் சரமாகக் கொடுத்துத் தேடியபோது கிடைக்காவிட்டால் இது வரும். பெயர்க்கும்போது இருந்த இனக்குழு இயக்கும்போது இல்லாமற்போனால் வருவது நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எர்ரர். இனக்குழு இருந்தும் அதன் தொடக்க நிலை முன்னரே தோல்வியடைந்திருந்தால், இதே பிழை ‘தொடங்க முடியவில்லை’ என்ற பொருளுடைய செய்தியோடு வரும். அங்கே பாதையைத் திருத்திப் பயனில்லை. முதலில் தோன்றிய பிழைச் செய்தியைத் தேட வேண்டும்.

பல கல்லூரி ஆய்வகங்களில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தளத்தோடு, ஜாவாவுடனேயே வந்த ஜேடிபிசி-ஓடிபிசி பாலத்தைப் பயன்படுத்தி மதிப்பெண் பட்டியல், நூலகப் பதிவேடு போன்ற பயிற்சிகள் செய்யப்பட்டன. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பது அதன் வசதி. 2014 மார்ச்சில் வெளியான ஜாவா 8 பதிப்பிலிருந்து அந்தப் பாலம் நீக்கப்பட்டது. நூலில் இருந்த நிரல் மாறவில்லை; மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் பெற்ற நிரலும் மாறவில்லை. புதிய பதிப்பை நிறுவிய கணினியில் மட்டும் அது ஓட மறுத்தது. எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதியும் வரவில்லையே என்று தவித்த மாணவரிடம் குறை இல்லை. நூல் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்ற ஒரு வரி முன்பக்கத்தில் இருந்திருந்தால் போதும்.

நூலகப் பாதை

சி, சி++ மொழிகளில் எழுதிய நூலகங்களை ஜாவாவிலிருந்து அழைக்கும் ஜேஎன்ஐ என்னும் இடைமுகம் 1997இல் வந்த 1.1 பதிப்பில் சேர்ந்தது. இத்தகைய நூலகங்கள் கிளாஸ்பாத்தில் தேடப்படுவதில்லை, அவற்றுக்கு ‘ஜாவா.லைப்ரரி.பாத்’ என்ற தனிப்பாதை உண்டு. முகத்தை அடையாளம் காணும் திட்டப்பணிக்காக ஓப்பன்சிவி நூலகத்தைப் பயன்படுத்தும் மாணவர், ஜார் கோப்பைக் கிளாஸ்பாத்தில் சேர்த்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைப்பார். நிரல் ஓடத் தொடங்கியதும் அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எர்ரர் வரும். ஜார் ஒரு பாதி. விண்டோஸில் ‘டிஎல்எல்’ என்றும் லினக்ஸில் ‘எஸ்ஓ’ என்றும் முடியும் கோப்பு மறுபாதி. இரண்டுக்கும் இரண்டு முகவரிகள்.

நூலகம் உரிய இடத்தில் இருந்தும் பிழை வரலாம். 64-பிட் ஜாவாவால் 32-பிட் நூலகத்தை ஏற்ற முடியாது. அந்த நூலகம் நம்பியிருக்கும் வேறொரு நூலகம் இல்லாவிட்டாலும் ஏற்ற முடியாது. நிரலுக்குள்ளேயே பாதையை மாற்றி எழுதினாலும் பெரும்பாலும் பயனிருக்காது. ஜாவா அதைத் தொடக்கத்திலேயே படித்துக்கொள்கிறது. இயக்கும் கட்டளையிலேயே பாதையைக் கொடுப்பதுதான் நேரான வழி. எந்த இனக்குழு எந்தக் கோப்பிலிருந்து ஏற்றப்படுகிறது என்பதை ‘வெர்போஸ் கிளாஸ்’ என்ற விருப்பத்தேர்வு வரிசையாக அச்சிட்டுக் காட்டும். ஊகித்து நிரலைத் திருத்துவதற்குமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

பட்டியலை யார் எழுதுவது?

ஒரு நிரலுக்கு ஐம்பது, நூறு ஜார் கோப்புகள் தேவைப்படத் தொடங்கியபோது கையால் பட்டியல் எழுதுவது இயலாததாயிற்று. 2004இல் முதற்பதிப்பு வெளியான மேவன், தேவையான நூலகத்தின் பெயரையும் பதிப்பையும் சொன்னால் போதும் என்ற நிலையைக் கொண்டுவந்தது. அந்நூலகத்துக்குத் தேவையான பிற நூலகங்களையும் அதுவே இணையக் களஞ்சியத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். விடுபடும் சிக்கல் குறைந்தது. ஆனால் ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் ஒருசேர வந்து மோதும் சிக்கல் கூடியது. இனக்குழு கிடைக்கும், அதனுள் எதிர்பார்த்த செயற்கூறு இருக்காது.

2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9, கூறுகளாகப் பிரிக்கும் முறையைப் புகுத்தித் தேவைகளைத் தொடக்கத்திலேயே சரிபார்க்க வழிசெய்தது. ஓராண்டுக்குப் பின் வந்த ஜாவா 11, எக்ஸ்எம்எல் கோப்புகளைக் கையாளும் ஜாக்ஸ்பி முதலிய சிலவற்றை மொழியிலிருந்தே நீக்கியது. அவற்றைத் தனி நூலகமாகச் சேர்க்காத பழைய நிரல்கள் பல நின்றுபோயின.

அடுத்து வந்தது பெயர் மாற்றம். ஆரக்கிள் நிறுவனம் ஜாவாவின் நிறுவனப் பதிப்பை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. ஆனால் ‘ஜாவாக்ஸ்’ எனத் தொடங்கும் பெயர்வெளியை அறக்கட்டளை தொடர்ந்து மாற்றி வளர்க்க உடன்பாடு ஏற்படவில்லை. எனவே 2020 டிசம்பரில் வெளியான பதிப்பில் அப்பெயர்கள் ‘ஜகார்த்தா’ என மாற்றப்பட்டன. டாம்கேட் 10 வழங்கியில் பழைய பெயருடைய நிரலை வைத்தால், செர்வ்லெட் இனக்குழு இல்லை என்று பிழை வரும். ஏறக்குறைய இதே காலத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இப்படி ஒன்று நிகழ்ந்தது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த சிறுசேரி அதே இடத்தில்தான் இருக்கிறது; முகவரியில் காஞ்சிபுரம் போய்ச் செங்கல்பட்டு வந்தது. மேலக்கோட்டையூரில் உள்ள மத்திய அரசின் வடிவமைப்பு, உற்பத்தித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமோ புதிய மாவட்டத்துக்குள் வந்த பிறகும் காஞ்சிபுரம் என்ற பெயரைத் தாங்கியே நிற்கிறது. பழைய பெயரை வைத்துத் தேடுபவருக்கு முன்னது கிடைக்காது. பெயரை நம்பிப் பட்டு நகரில் போய் இறங்குபவருக்குப் பின்னது கிடைக்காது.

2021 டிசம்பரில், நிரல்களின் நிகழ்வுப் பதிவுக்குப் பயன்படும் லாக்4ஜே என்னும் நூலகத்தில் பெரும் பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்பட்டது. தங்கள் கணினிகளில் அந்த நூலகம் உள்ளதா என்பதே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை; மேவன் போன்ற கருவிகள் இறக்கிவைத்த ஜார்களுக்குள் அது புதைந்திருந்தது. உடனே புதிய பதிப்புக்கு மாற இயலாதவர்களுக்கு ஒரு தற்காலிக வழி சொல்லப்பட்டது. ஜார் கோப்பைத் திறந்து, குறைக்கு இடமளித்த ‘ஜேஎன்டிஐ லுக்கப்’ என்ற ஒரே ஓர் இனக்குழுவை அழித்துவிட வேண்டும். உலகெங்கும் நிர்வாகிகள் அவ்வாறே அதைத் தேடித் தேடி நீக்கினார்கள். அந்த இனக்குழு கிடைக்காதபோது லாக்4ஜே ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டுத் தொடர்ந்து ஓடியது.