முன்னெழுத்தும் குடும்பப் பெயரும்

பம்பாயில் சயான் பகுதிக்கே இரண்டு பெயர்கள் உண்டு. மராத்தியர் அதனைச் 'சீவ்' என்பர். எல்லை என்பது பொருள். ஆங்கிலேயரின் பரேல் தீவுக்கும் போர்த்துகீசியரின் சால்செட்டுக்கும் எல்லையாக, 17ஆம் நூற்றாண்டில் அங்கே கோட்டை எழுந்தது. 'சயான்' என்பதோ, எருசலேமின் சீயோன் மலையை நினைந்து பாதிரிமார் இட்ட பெயர் என்பர். ஊருக்கே இவ்வாறாயின், மக்கட்பெயரைச் சொல்லவும் வேண்டுமோ?

தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்பது மராத்தியர் வழங்கிவந்த வரிசை. குடும்பப் பெயர்களுட் பல ஊரையொட்டியவை. கோவாவின் மங்கேஷி ஊரிற் பிறந்த தீனாநாத் 'மங்கேஷ்கர்' ஆனார். மகள் லதாவும் அப்பெயராலேயே புகழ்பெற்றார். 2024 மே 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தாயின் பெயரையும் சேர்த்தெழுத மகாராஷ்டிர அரசு விதித்துள்ளது.

தமிழர் வரிசையோ நேர்மாறானது. 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்னும் சங்கப் புலவர் பெயரில் ஊர், தந்தை, தன் பெயர் ஆகிய மூன்றும் முறையே நிற்கின்றன. இயற்பெயர் மறைந்தவிடத்து, பாட்டில் வந்த தொடரே 'செம்புலப்பெயனீரார்' எனப் பெயராயிற்று. அதுவும் ஒருவகைப் பட்டப்பெயரே. அண்மைக் காலத்தில், எழுத்தாளர் ஆர். கே. நாராயணும் பம்பாயிற் சித்திரம் தீட்டிய அவர் தம்பி லட்சுமணும் கொண்ட முன்னெழுத்துக்கள், ராசிபுரம் என்னும் ஊரையும் கிருஷ்ணசாமி என்னும் தந்தையையும் சுட்டுவனவே. முற்காலத்தில் பலர் பெயரின் இறுதியிற் சாதிப்பட்டமும் நின்றது. 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு அதனை விடுமாறு தீர்மானித்தது. பின்னர்ப் பலர் அதனைத் துறந்தனர். முன்னெழுத்தும் பெயருமே எஞ்சின.

இங்கேதான் பிறமாநிலத் தமிழர்க்கு இடர் தொடங்குகிறது. பள்ளி விண்ணப்பம் குடும்பப் பெயரைக் கேட்கிறது. நாம் தந்தை பெயரை எழுதுகிறோம். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறுகிறது. பாட்டனுக்கும் பேரனுக்கும் உறவுண்டெனக் காட்ட, வீட்டுப் பத்திரத்தோடு வேறு சான்றும் தேட நேரிடுகிறது. மணமான பெண் கணவர் பெயரின் முன்னெழுத்தை ஏற்றால், அவள் கல்விச் சான்றிதழும் கடவுச்சீட்டும் இரு வேறு பெண்களைக் காட்டுவன போலாகும்.

இதற்காக நம் மரபைக் கைவிட வேண்டுவதில்லை. குழந்தை பிறந்தபொழுதே, முன்னெழுத்தை விரித்து முழுப்பெயரை ஒரே வடிவில், ஒரே எழுத்துக்கூட்டலில் பதிவு செய்து, எல்லா ஆவணங்களிலும் அதனையே பேணுதல் நன்று. முன்னெழுத்து எந்த ஊரை, எவர் பெயரைக் குறிக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாக. சொல்லாது விட்டால், இரண்டு தலைமுறைக்குள் அது பொருளற்ற வெறும் எழுத்தாகிவிடும்.