மார்ட்டினியை குலுக்கணுமா, கலக்கணுமா? ஜேம்ஸ் பாண்ட் ஸ்டைல் சரியா?

கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகளில் மேலை நாட்டவர் விரும்பும் ஜின் காக்டெயில், மார்ட்டினி. ஜேம்ஸ் பாண்ட் தன் வோட்கா மார்ட்டினியைக் குலுக்கித்தான் கேட்பார். பார்டெண்டர்களோ கலக்கத்தான் சொல்வார்கள். ஏன்?

செய்முறை என்ன?
60 மி.லி. ஜின், 10 மி.லி. டிரை வெர்மூத். ஐஸ் நிரப்பிய கண்ணாடிக் குடுவையில் நீளக் கரண்டியால் 30 விநாடி கலக்கி, குளிரவைத்த கோப்பையில் வடிகட்டணும். மேலே எலுமிச்சைத் தோல் அல்லது ஆலிவ்.

குலுக்கினால் என்ன ஆகும்?
ஐஸ் நொறுங்கும், காற்றுக் குமிழ் சேரும், பானம் கலங்கிடும். ஜூஸ், முட்டை சேர்க்கும் காக்டெயில்களுக்கே குலுக்கல்.

கவனம்!
சின்ன கோப்பைதானே என ஏமாறக்கூடாது. 40% ஜின் என்றால், ஒரு மார்ட்டினியில் உள்ள ஆல்கஹால், 5% பீர் அரை லிட்டரில் இருப்பதற்குச் சமம். குடித்தவர் வண்டி ஓட்டவே கூடாது.

(மது உடல்நலத்துக்குக் கேடு)