சுருக்கு வழியின் சரித்திரம்

நம்மவர் பேச்சில் குறுக்கு வழி என்பது நல்ல பெயர் எடுத்த சொல் அன்று. உழைக்காமல் பொருள் தேடுவோனையும், முறை தவறிப் பதவி பெறுவோனையும் குறுக்கு வழியில் போனவன் என்கிறோம். ஆயினும் கணக்கு எழுதும் மேசையில் வேறு விதமான சுருக்கு வழி ஒன்று உண்டு. அஃது உழைப்பிலிருந்து தப்பும் வழியன்று. ஒரே வேலையை ஒரு நாளில் நூறு முறை செய்ய வேண்டியவன், அதில் வீணாகும் பகுதியை மட்டும் நீக்கிக்கொள்ளும் வழி அது.

இன்று பெரிய ஸ்தாபனங்களில் கொள்முதல், விற்பனை, சரக்கிருப்பு, சம்பளம், பேரேடு ஆகிய யாவும் ஒரே கணினி மென்பொருளுக்குள் அடங்கியிருக்கின்றன. அதன் முன் அமர்ந்து நாள் முழுவதும் பதிவு செய்வோரில் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளும் உண்டு. பட்டணத்தில் வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. சில எழுத்துகளைத் தட்டினால் பத்துப் படிகள் ஒரே படியாகும் என்பதை அவர்களில் சிலர் அறிவர், பலர் அறியார். இவ்வெழுத்துகள் எவ்வாறு தோன்றின, அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் இடையே அவை என்ன செய்தன என்பதைச் சரித்திர முறையில் ஆராய்வோம்.

ஏட்டுக் காலம்

சுருக்கு வழி கணினியோடு பிறந்ததன்று. பழைய தமிழ்க் கணக்கர் நாள், மாதம், வருஷம், பற்று, வரவு, ரூபாய் ஆகிய சொற்களை ஒவ்வொரு முறையும் முழுமையாக எழுதிக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரே இழுப்பில் எழுதத்தக்க தனிக் குறி வைத்திருந்தனர். ஒருவன் பெயரோ ஒரு சரக்கின் பெயரோ வரிதோறும் திரும்ப வருமானால், மேற்படி என்பதற்குரிய ௸ என்னும் குறியை இட்டு மேலே சென்றனர். இக்குறிகள் இன்று வழக்கொழிந்தன போலத் தோன்றினும் அழிந்துவிடவில்லை. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு முறை 2003-ம் வருஷத்தில் தன் 4.0 பதிப்பில் இவற்றை ஏற்றுக்கொண்டது. ஓலையிலும் காகிதத்திலும் இருந்த கணக்கரின் சுருக்கம் இன்று கைபேசியிலும் தட்டக்கூடியதாக இருக்கிறது.

இச்சுருக்கத்தால் கணக்கருக்கு நேரமும் ஏட்டில் இடமும் மிச்சமாயின. ஆனால் மறுபக்கத்தையும் காணவேண்டும். எழுத்தறியாத குடியானவன் கைநாட்டு வைத்த ஏட்டில் பற்று எது, வரவு எது என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவனுக்குங்கூட அக்குறிகள் தடையாகவே நின்றன. ஒருவனுக்கு வசதியாக இருந்த சுருக்கம் மற்றொருவனுக்குத் திரையாயிற்று. இவ்விரண்டு தன்மைகளும் பின்வந்த காலங்களிலும் தொடர்ந்து வருவதைக் காண்போம்.

தந்திக் காலம்

கடலடித் தந்திக் கம்பி 1871-ம் வருஷத்துக்குள் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்துவிட்டது. கப்பலில் பல நாள் சென்ற செய்தி இனி விரைந்து சென்றது. ஆனால் தந்திக்குச் சொற்கணக்கில் கட்டணம். விலை, அளவு, சரக்கு, கப்பல் புறப்படும் நாள் ஆகியவற்றை முழு வாக்கியமாக எழுதினால் வியாபாரிக்குக் கிடைக்கும் இலாபம் தந்தி ஆபீசுக்கே போய்விடும். ஆகவே வர்த்தகர் குறிப்புத்தகங்களை உண்டாக்கினர். ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரே சொல் என்பது அவற்றின் முறை. அனுப்புவோனிடம் ஒரு புத்தகமும் பெறுவோனிடம் அதே புத்தகமும் இருக்கும். இன்றைய மென்பொருளின் நான்கு எழுத்துக் குறிக்கு இதனையே முன்னோடி என்று நாம் கருதுகிறோம்.

இம்முறையின் அபாயத்தைக் காட்டும் வழக்கொன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இடம்பெற்றிருக்கிறது. 1887-ம் வருஷம் பிலடெல்பியா நகரத்துக் கம்பளி வியாபாரி பிரிம்ரோஸ் என்பவர் தம் ஏஜெண்டுக்குக் குறிச்சொற்களில் ஒரு தந்தி அனுப்பினார். அதில் 'பே' என்ற சொல் இருந்தது. அவர்களுடைய குறிமுறையில் அதற்கு 'நான் வாங்கிவிட்டேன்' என்று பொருள். வழியில் ஓர் எழுத்து மாறி அது 'பை' என்று போய்ச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அதற்கு 'வாங்கு' என்று பொருள். தந்தியின் மோர்ஸ் முறையில் இவ்விரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. ஏஜெண்டு அதைக் கட்டளையாகக் கொண்டு 300,000 ராத்தல் கம்பளியை வாங்கிவிட்டார். 20,000 டாலருக்கு மேல் நஷ்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1894-ல் முடிந்தது. தந்திக் கம்பெனியிடமிருந்து வியாபாரி பெறத்தக்கது தந்திக்குக் கட்டிய 1 டாலர் 15 சென்டு மட்டுமே என்று தீர்ப்பாயிற்று.

முழு வாக்கியம் எழுதியிருந்தால் ஓர் எழுத்துப் பிழையைப் படிப்பவர் தாமே திருத்திக்கொள்வர். சுருக்கத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. நேரத்தை மிச்சப்படுத்தும் எந்தக் குறியும் கவனத்தை அதிகமாகக் கேட்கிறது என்பதே இவ்வழக்கின் பாடம்.

யந்திரக் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கணக்கு யந்திரங்கள் வந்தன. 1890-ம் வருஷத்து அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கெடுப்பு, ஹாலரித் என்பவரின் துளையட்டை யந்திரத்தால் எண்ணப்பட்டது. ஆபீஸ் வேலைக்கு முழுக் கணினியை முதன்முதல் அமர்த்தியது எந்த ஸ்தாபனம் என்று கேட்டால் வாசகர்கள் வியப்படைவர். வங்கியன்று, இராணுவமன்று, லண்டன் மாநகரில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் கம்பெனி. 'லியோ' என்று பெயரிட்ட அதன் கணினி 1951-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ரொட்டி, பணியாரக் கணக்கைப் போட்டது. பின்னர்ச் சம்பளக் கணக்கையும் ஏற்றது. தேர்ந்த குமாஸ்தா ஒருவர் 8 நிமிஷத்தில் போட்ட ஓர் ஆளின் சம்பளக் கணக்கை லியோ ஒன்றரை விநாடியில் முடித்தது.

ஆயினும் அந்நாளைய கணினியோடு குமாஸ்தா நேரே பேச முடியவில்லை. விவரங்களை அட்டையில் துளையிட்டு அனுப்பவேண்டும்; விடை பின்னரே வரும். இந்நிலையை மாற்ற எண்ணியோருள் ஐவர் ஜெர்மனி தேசத்தில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். 1972-ல் அவர்கள் அவ்வேலையை விட்டு வெளியேறி, வைன்ஹைம் என்ற ஊரில் எஸ்.ஏ.பி. என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினர். ஆரம்பத்தில் அவர்களிடம் சொந்தக் கணினியும் இல்லை. முதல் வாடிக்கைக் கம்பெனியின் கணினியிலேயே அவர்கள் வேலை செய்தனர். குமாஸ்தா தட்டிய கணமே கணக்கில் ஏறவேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. 1979-ல் ஆர் 2, 1992-ல் ஆர் 3 என்று அம்மென்பொருள் வளர்ந்து உலகெங்கும் பரவியது.

நான்கு எழுத்துக் குறி

ஆர் 2 காலத்துத் திரையில் படங்கள் இல்லை. சுட்டிக் காட்டும் மௌஸும் இல்லை. எழுத்துகள் மட்டுமே தோன்றிய சிறு திரை. ஆகவே வேண்டிய பக்கத்துக்குப் போக ஒரு குறியைத் தட்டுவதே இயல்பான முறையாயிற்று. பின்னர் ஆர் 3-ல் சாளரங்களும் பட்டியல்களும் வந்தன. பட்டியலுக்குள் பட்டியலாக ஐந்தாறு படி இறங்கி வேண்டிய பக்கத்தை அடையலாம். ஆனால் பழைய குறிகளும் நீங்கவில்லை. தினமும் அதே பக்கத்துக்குப் போகும் குமாஸ்தாவுக்கு அவையே உற்ற துணையாயின.

வாடிக்கையாளரின் ஆர்டரைப் புதிதாக எழுத 'விஏ01' என்று தட்டவேண்டும். எழுதியதைத் திருத்த 'விஏ02'. திருத்தாமல் பார்க்க 'விஏ03'. ஒரு சரக்கின் விவரத்தை ஆக்க, திருத்த, பார்க்க 'எம்எம்01', 'எம்எம்02', 'எம்எம்03'. இவ்வாறு பல குறிகளின் ஈற்றில் 1 ஆக்கலையும், 2 திருத்தலையும், 3 பார்த்தலையும் குறிக்கின்றன. எல்லாக் குறிகளும் இவ்வொழுங்கில் அடங்கா. எனினும் இவ்வொழுங்கை அறிந்தவன் ஒரு குறியைக் கற்றால் மூன்றைக் கற்றவனாவான். அறியாதவன் மூன்றையும் உருப்போட வேண்டும்.

குறிக்கு முன்னால் சாய்கோடும் 'என்' எழுத்தும் இட்டால், இருக்கும் வேலையை விட்டுவிட்டுப் புதுவேலைக்கு நேரே போகலாம். 'என்' இருக்கும் இடத்தில் 'ஓ' எழுத்தை இட்டால் பழைய வேலை அப்படியே நிற்க, புதுச் சாளரம் திறக்கும். ஒரு கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாதபோது எஃப்1 விசை அக்கட்டத்தின் பொருளை விளக்கும். எஃப்4 விசை எழுதத்தக்க விடைகளின் பட்டியலைக் காட்டும். கம்பெனி எண், ஆலை எண் முதலிய மாறாத விவரங்களைத் தம் சொந்தக் குறிப்பில் ஒருமுறை பதிந்து வைத்தால், அவற்றைப் படிக்கும் பக்கங்களில் அவை தாமே வந்து அமரும். மாதந்தோறும் எடுக்கும் அறிக்கைக்குரிய தேதி, பிரிவு முதலியவற்றையும் ஒரு பெயரிட்டுச் சேமித்து வைக்கலாம்.

இவை பெரிய கம்பெனிகளுக்கே உரியவை என்று எண்ணவேண்டா. 1986-ல் பெங்களூரில் தொடங்கிய ஸ்தாபனத்திலிருந்து வந்த டாலி மென்பொருளைச் சிறு கடைக்காரரும் ஆள்கின்றனர். அதில் எஃப்5 பணம் கொடுத்ததற்கும், எஃப்6 பணம் வந்ததற்கும், எஃப்8 விற்பனைக்கும், எஃப்9 கொள்முதலுக்கும் உரிய விசைகள். இவ்வாறே 1970-களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் லாரி டெஸ்லரும் அவருடைய தோழர்களும் வெட்டுதல், பிரதி எடுத்தல், ஒட்டுதல் என்னும் முறையை வகுத்தனர். 1983-ல் ஆப்பிள் கம்பெனியின் லிசா கணினி, பக்கம் பக்கமாக அமைந்த நான்கு எழுத்து விசைகளை இம்மூன்று செயல்களுக்கும் செய்ததை மாற்றுதற்கும் வைத்தது. இன்று உலகம் முழுவதும் அவ்விசைகளையே தட்டுகிறது.

இவற்றால் ஆகும் இலாபத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பதிவுக்கு 5 விநாடி மிச்சமாகிறது. நாளொன்றுக்கு 200 பதிவு என்று கொள்வோம். நாளுக்கு 1,000 விநாடி. 250 வேலை நாளில் 250,000 விநாடி. ஏறக்குறைய 69 மணி நேரம். எட்டு மணி வேலை நாளாகக் கொண்டால் எட்டு நாளுக்கு மேலாகிறது.

ஆனால் கம்பளி வியாபாரியின் கதையை இங்கே மறத்தலாகாது. எஸ்.ஏ.பி. மென்பொருளில் சாய்கோட்டோடு 'என்இஎக்ஸ்' என்று தட்டினால், சேமிக்கவா என்று ஒரு வார்த்தை கேளாமலே யாவும் மூடப்படும். சேமிக்காத உழைப்பு போய்விடும். கடிதம் எழுதும்போது செய்ததை மாற்றும் விசை உண்டென்று பழகியவர், பேரேட்டில் ஏறிய பதிவையும் அவ்வாறே அழிக்கலாம் என்று கருதினால் ஏமாறுவர். ஏறிய பதிவு அழியாது. அதற்கு எதிர்ப்பதிவு எழுதியே நேர் செய்யவேண்டும். கணக்கின் நாணயம் அதில்தான் இருக்கிறது. நீண்ட வழி எது என்று அறிந்தவனுக்கே சுருக்கு வழி உதவும்.

அறிவு யாருடைய சொத்து?

தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்த காலத்தை முதியோர் அறிவர். செக்ரோலில் கிராணி என்ன எழுதினார் என்பது வெயிலில் நின்றவருக்குத் தெரியாது. அரைநாள் பேரா, முழுநாள் பேரா என்பது சம்பள நாளில்தான் விளங்கும். கிராணிமார் யாவரும் தீயவர் என்று நாம் சொல்லவில்லை. எழுத்து ஒருவர் கையில் மட்டும் இருந்தபடியால், நல்லவரையும் நம்பியே வாழவேண்டியதாயிற்று என்கிறோம்.

இன்று அச்செக்ரோலின் இடத்துக்குக் கணினி வந்திருக்கிறது. எழுத்தறிந்த நம் பிள்ளைகள் அதன் முன் அமர்ந்திருக்கிறார்கள். இந்நிலையிலும், இருபது வருஷம் வேலை பார்த்த ஒருவர் தாம் கண்ட குறிகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மேசை இழுப்பறையில் பூட்டி வைப்பதையும், புதிதாக வந்த பெண் மாலை ஏழு மணி வரை பட்டியலுக்குள் பட்டியலாக இறங்கிக்கொண்டிருப்பதையும் ஆபீசுகளில் காண்கிறோம். தன் இடம் போய்விடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். பிறன் அறியாமையைத் தன் வேலைக்குக் காவலாக வைப்பது பழைய ஏட்டுக் கணக்கரின் திரையை மீண்டும் தொங்கவிடுவதாகும். மேலும் அக்காவல் பலிப்பதுமில்லை. குறிகள் கம்பெனியின் கைப்புத்தகங்களில் அச்சாகியிருக்கின்றன. தேடுபவர் என்றேனும் காண்பர்.

ஒன்றை மட்டும் முதலாளிமாருக்குச் சொல்லுவோம். குமாஸ்தா தம் அறிவால் மிச்சப்படுத்திய 69 மணியையும் உடனே புது வேலையால் நிரப்பிவிட்டால், அடுத்த சுருக்கு வழியைக் கண்டவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். மிச்சத்தில் ஒரு பகுதியேனும் கற்பதற்கும், உரிய நேரத்தில் வீடு செல்வதற்கும் அவருக்கே விடப்படவேண்டும்.

தொழிலாளர் சங்கங்களும் வாசகசாலைகளும் இதில் செய்யத்தக்க பணி உண்டு. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று ஒரு தலைமுறை ஆபீஸ் மேசையை அடைந்தது. அவ்வாறே வாரத்துக்கு ஒரு மாலை, அறிந்தவர் ஒருவர் அறியாதவர் பத்துப் பேருக்கு இக்குறிகளைத் தமிழில் விளக்கிச் சொல்லலாம். குறியை மட்டும் சொல்லிவிடாமல், அது எந்த ஏட்டில் எந்தப் பதிவைச் செய்கிறது, பிழைத்தால் எவ்வாறு நேர் செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரு பக்கத் தாளில் பத்துக் குறிகளும் அவற்றின் தமிழ் விளக்கமும் எழுதி, இழுப்பறையில் வைக்காமல் எல்லாரும் காணும்படி சுவரில் ஒட்டுவதிலிருந்து தொடங்கலாம். அதற்குச் செலவு ஒரு தாள்தான்.